ஒரே ஜன்னலில் பாதி வெயில்

பழைய வீட்டு ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போடுகிறவனை வீட்டுக்காரர்கள் பல் வைத்தியரைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்கள்: வரச் சொல்வதும் அவர்களே, வந்தபின் வாயைத் திறக்க மாட்டேன் என்பதும் அவர்களே.

உங்களில் யாருக்காவது மேற்குப் பார்த்த ஜன்னல் வாய்த்திருந்தால் நான் சொல்வது உடனே புரிந்துவிடும். சாயங்காலம் அந்த அறை நாற்காலியில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தவர்கள், ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு அப்போதும் பேப்பரை மடித்து விசிறிக்கொள்பவர்கள், கரண்ட் பில் வந்த அன்று வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாதவர்கள், எல்லாரும் என் சொந்தக்காரர்கள்.

எனக்குச் சொந்த ஊர் ஒக்கூர். விவசாயக் குடும்பம். கண்ணாடிக் கடை வைத்திருப்பது காரைக்குடியில். செட்டிநாட்டு வீடுகளின் பழைய ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, உள்பக்கமாக இன்னொரு கண்ணாடியைப் பொருத்துவதுதான் என் வேலை. அந்தக் கண்ணாடியின் ஒரு முகத்தில் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு உண்டு. அது வெளிச்சத்தை உள்ளே விடும், சூட்டைத் திருப்பி அனுப்பும். பழைய கண்ணாடிக்கும் புதுசுக்கும் நடுவில் நிற்கிற காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஏசி கொஞ்ச நேரம் ஓடினாலே போதும், அறை குளிர்ந்து நிற்கும். ஆணி கிடையாது, பசை கிடையாது. மெல்லிய மரச்சட்டம், சுற்றிலும் ரப்பர். அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும், பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். பர்மா தேக்கில் ஒரு கீறல் விழாது.

இதைச் சொல்லும்போதே எனக்குக் குரல் ஏறிவிடும். ஐம்பதைத் தாண்டிய ஆள் ஒரு கண்ணாடித் துண்டைப் பற்றி இப்படித் துள்ளலாமா என்று பிறகு எனக்கே கூச்சமாக இருக்கும். வேலை நேரத்தில் துள்ளுவதும், வண்டியில் வீடு திரும்பும்போது ‘நாம் செய்தது சரிதானா?’ என்று குடைவதும் என் வழக்கம். போன கோடையில் நாச்சியாபுரத்து வீடு ஒன்றில் துள்ளலும் குடைச்சலும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு என்னைப் படுத்தின பாட்டைத் துண்டு துண்டாகச் சொல்கிறேன்.

தட்டிப் பார்த்தவர்

என்னைக் கூப்பிட்டவர் மீனாள் ஆச்சி. ஆச்சி என்றதும் தலை நரைத்தவராக நினைக்க வேண்டாம். நகரத்தார் வீட்டுப் பெண்களை மரியாதைக்கு அப்படிக் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நாற்பதைத் தாண்டியவர். சென்னையில் பார்த்த வங்கி வேலையை விட்டுவிட்டு, கணவரின் பூர்வீக வீட்டு மாடியில் வெளியூர் விருந்தாளிகளைத் தங்கவைத்துப் பிழைக்கலாம் என்று வந்திருந்தார். மாடியில் ஒரு பெரிய ஹால். அதன் மேற்குச் சுவர் முழுவதையும் ஒரே ஜன்னல் பிடித்துக்கொண்டிருந்தது. கீழே கண்ணாடி பதித்த தேக்குக் கதவுகள், மேலே அரைவட்ட வளைவு, வளைவு முழுக்கச் சிவப்பும் பச்சையும் நீலமுமாக, அந்தக் காலத்தில் கப்பலில் வந்த கண்ணாடி. நான் வாயைப் பிளந்து நின்றேன். அழகு கண்ணைப் பறித்தது, சூடு கன்னத்தில் அறைந்தது. முதன்முதலாக வந்த விருந்தாளித் தம்பதி அந்த ஹாலில் மாலைக் காப்பிக்கு உட்கார்ந்துவிட்டு, தம்ளரைக் கையில் பிடித்தபடியே கீழே ஓடிவிட்டார்களாம்.

அதைக்கூட ஆச்சி பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் செட்டிநாட்டு வீடு ஒருவர் வீடு அல்லவே, பங்காளிகள் அத்தனை பேருக்கும் அதில் பங்கு உண்டு. முன்னோருக்குப் படையல் வைக்கிற ‘படைப்பு’க்கு எல்லாரும் சித்திரையில் வருவதாக இருந்தது. மறுநாள் உட்கார்ந்து வீட்டைப் பற்றி முடிவு செய்வதாகப் பேச்சு. இந்த வெக்கையில் யார் வந்து தங்குவார்கள், ஜன்னலையும் கதவையும் கழற்றிப் பழம்பொருள் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு வீட்டைப் பூட்டிவிடலாம் என்பதுதான் பலருடைய எண்ணம். வியாபாரி முன்கூட்டியே வந்து, மாம்பழம் பொறுக்குகிறவர் போல ஒவ்வொரு கண்ணாடியையும் நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு ஆச்சி கடைசியாக ஒன்று சொன்னார்:

“அண்ணே, ஹாலு மட்டும் குளுந்தா எனக்குப் பத்தாது. வர்ற பங்காளிக மனசும் குளுரணும். ரெண்டுக்கும் சேத்து ஒரு கண்ணாடியாப் பாத்துப் போடுங்க.”

கோழிக்குஞ்சு விளக்கு

பூச்சுக் கண்ணாடி எப்படி வேலை செய்கிறது என்று வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் நான் ஒரு சிவப்பு விளக்கை எடுத்துப் போவேன். கோழிப் பண்ணையில் குஞ்சுகளுக்குக் கதகதப்பு கொடுக்கிற விளக்கு அது. முதலில் சாதாக் கண்ணாடியை அதன் முன்னால் பிடித்து, பார்க்கிறவரின் கையை இந்தப் பக்கம் வைக்கச் சொல்வேன். சுரீர் என்னும். அப்புறம் பூச்சுக் கண்ணாடியைப் பிடிப்பேன். வெளிச்சம் அப்படியே இருக்கும், சூட்டைக் காணோம். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தில் வருகிற குழப்பத்தைப் பார்ப்பதற்காகவே இந்தத் தொழிலைச் செய்யலாம்.

என் உதவிக்கு வருபவன் சேகர், என் மனைவியின் தம்பி. வேலையில் சுத்தம், வாயில் சுத்தம் கிடையாது. அவன் விளக்கைப் பிடித்திருக்க, நான் ஆச்சிக்கு ஆர்வமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் வெகுகாலமாகச் சமையல் பார்க்கும் கருப்பையா அண்ணன் வாசல் நிலையில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்தார். கையை வைத்துப் பாருங்கள் என்றேன். வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். முகம் மலர்ந்தது. ஆகா, புரிந்துவிட்டது என்று எனக்குள் ஒரு துள்ளல். அவர் ஆச்சி பக்கம் திரும்பி, அடக்கமாகக் கேட்டார்:

“அதெல்லாஞ் சரி ஆத்தா. கோழிய மாடியில வளக்கப் போறீகளா, கொல்லையிலயா?”

நடுச்சட்டத்துக்கு அங்குட்டு

வேலை தொடங்குவதற்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் காரில் வந்து இறங்கினார். வள்ளியப்பன். ஆச்சியின் கணவருக்குப் பெரியப்பா மகன். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஜன்னலை விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னவர் இவர்தான். அதில் அவர் பக்கத்து நியாயமும் இருந்தது. ஓடு உடைந்தால், மழைநீர் உள்ளே இறங்கினால், வருஷா வருஷம் ஆள் பிடித்துச் சரி செய்து அலுத்துப்போனவரும் அவர்தான்.

அவர் ஹாலுக்குள் வந்து, தரையின் நடுவே ஓடும் கறுப்புக்கல் வரிசையைக் கைத்தடியால் காட்டினார். பாகம் பிரித்தபோது ஹாலை அந்த வரிசையோடு இரண்டாக வகுந்துவிட்டார்களாம். வடக்குப் பாதி ஆச்சி வீட்டாருக்கு, தெற்குப் பாதி வள்ளியப்பன் வீட்டாருக்கு. அந்தக் கறுப்பு வரிசை நேராக மேற்கே போய் ஜன்னலின் நடுச்சட்டத்தில் முட்டியது. அப்படியானால் ஜன்னலும் பாதிப் பாதி. வளைவின் உச்சியில் இருந்த வட்டமான சிவப்புக் கண்ணாடியும் ஆளுக்குப் பாதி.

“எம் பாதியில ஆணி அடிக்கப்படாது” என்றார்.

“ஆணியே கிடையாதுங்கய்யா, அழுத்தி வைக்கிறதுதான்” என்றேன்.

“அப்ப அழுத்தவும் படாது.”

ஆச்சி கெஞ்சினார். போனில் கணவரும் பேசிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஆச்சி என்னிடம் வந்து, “எங்க பாதிக்கு மட்டும் போடுங்கண்ணே” என்றார். நான் ஆடிப்போனேன். ஜன்னலை அடைத்தால் முழுதாக அடைக்க வேண்டும். பாதிக்கு மட்டும் போடுவது, மழையில் ஒரு தோளுக்கு மட்டும் குடை பிடிப்பது மாதிரி. எந்தத் தொழில்காரனும் இதற்குச் சம்மதிக்க மாட்டான். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டேன். அறிவில்லாத வேலைக்கு ஒத்துக்கொண்டோமே என்று அளவு நாடாவை நீட்டியபோதே மனசு குடைய ஆரம்பித்துவிட்டது. நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த சேகர், வள்ளியப்பனுக்குக் கேட்காதபடி சொன்னான்:

“மச்சான், சூரியன்ட்டயும் ஒரு வார்த்த சொல்லி வச்சிருங்க. கறுப்புக்கல்லுக்கு அங்குட்டு மட்டும் அடிக்கச் சொல்லி.”

பொட்டு வைத்த கண்ணாடி

கண்ணாடிகள் வந்து இறங்கிய நாளை நான் மறக்க மாட்டேன். பூச்சு எந்த முகத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தோ விரலால் தடவியோ கண்டுபிடிக்க முடியாது. அதனால் பூச்சு உள்ள முகத்தில் தொழிற்சாலையிலேயே ஒரு சீட்டு ஒட்டி அனுப்புவார்கள். அந்த முகம் பழைய கண்ணாடியைப் பார்த்தபடி, காற்று இடைவெளிக்குள் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் பலனும் குறையும், துடைக்கத் துடைக்கப் பூச்சிலும் கீறல் விழும். நாங்கள் கண்ணாடிகளைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.

திரும்பி வந்தால் ஒரு கண்ணாடியிலும் சீட்டைக் காணோம். அதற்குப் பதில் பளபளவென்று துடைத்து, எல்லாவற்றிலும் மஞ்சள், குங்குமம், நடுவில் பூ. வீட்டுக்குள் புதுச் சாமான் எது வந்தாலும் பொட்டு வைக்காமல் விடுவதில்லை என்று ஆச்சி சொல்லியிருக்கிறார், கருப்பையா அண்ணன் செய்துவிட்டார். “பேப்பரு மேல பொட்டு வச்சா நிக்குமா தம்பி? அதான் உரிச்சுப் போட்டேன்” என்றார். சேகர் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

எனக்கோ உற்சாகம் பற்றிக்கொண்டது. இதற்கு ஒரு வழி எனக்குத் தெரியும். ஹாலின் கதவுகளைச் சாத்தி இருட்டாக்கச் சொன்னேன். பூஜை அறையிலிருந்து தட்டில் சூடம் ஏற்றிக் கொண்டுவரச் சொன்னேன். கண்ணாடிக்கு முன்னால் சுடரைப் பிடித்தால், முன்முகத்தில் ஒன்றும் பின்முகத்தில் ஒன்றுமாக உள்ளே இரண்டு சுடர் தெரியும். ஒன்று சாதாரண மஞ்சள். பூச்சு உள்ள முகத்தில் தெரிவது மட்டும் லேசாக ஊதா கலந்து நிறம் மாறியிருக்கும். முன்சுடர் மாறியிருந்தால் பூச்சு நம் பக்கம், பின்சுடர் மாறியிருந்தால் அந்தப் பக்கம். “அந்தா! பின்னாடி! பாத்தீகளா ஊதாவ!” என்று நான் கத்தினேன். ஆச்சி குனிந்து பார்த்து, “ஆமாண்ணே! ஆமாண்ணே!” என்று குழந்தை மாதிரி குதித்தார். ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டு நகர்ந்தது. கருப்பையா அண்ணன் ஒவ்வொரு முறையும் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடைசிக் கண்ணாடியும் முடிந்தபின் சேகர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டே சொன்னான்:

“எல்லாக் கண்ணாடிக்கும் தீபாராதனை ஆயிருச்சு மச்சான். விபூதி குடுத்தீகன்னா வேலைய ஆரம்பிச்சுறலாம்.”

நாலு மணிக் காப்பி

ஆச்சியின் பாதிக்குக் கண்ணாடி போட்டு முடித்தோம். பலன் எப்படி என்று கேட்கப் போனில் கூப்பிடலாமா என்று கை பரபரக்கும், கூப்பிட்டுத் திட்டு வாங்கினால் என்ன செய்வது என்று போனை வைத்துவிடுவேன். இப்படியே இரண்டு மூன்று நாள் ஓடின. கடைசியில் ஆச்சியே கூப்பிட்டார். “அண்ணே, உடனே வாங்க, ஒரு சங்கடமாப் போச்சு” என்றார். எந்தக் கண்ணாடி கழன்று விழுந்ததோ, யார் தலையில் விழுந்ததோ என்று பதறிக்கொண்டு நாச்சியாபுரத்துக்கு வண்டியை விட்டேன்.

விஷயம் இதுதான். கருப்பையா அண்ணன் மதியச் சாப்பாடு முடிந்ததும் மாடி ஹாலில், ஆச்சி வீட்டுப் பாதியில் ஜன்னலுக்கு எதிரே துண்டை விரித்துப் படுப்பார். வெயில் மேற்கே சாயச் சாய, சிவப்புக் கண்ணாடியின் வெளிச்சம் தரையில் ஊர்ந்து வந்து அவர் பாதத்தைத் தொடும். கால் சுட்டதும் எழுந்துவிடுவார். எழுந்தால் நாலு மணிக் காப்பி. அவர் கடிகாரம் பார்த்ததே கிடையாதாம். இப்போது சிவப்பு வருகிறது, பாதத்தைத் தொடுகிறது, முழங்காலைத் தாண்டி மார்வரைக்கும் ஏறுகிறது. சூடு மட்டும் வருவதில்லை. மனிதர் விளக்கு வைக்கிற நேரம்வரை குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறார். அன்று வந்திருந்த விருந்தாளிகளுக்குக் காப்பியே கிடைக்கவில்லை. எனக்கு ஹாலில் நின்றபடி கைதட்ட வேண்டும் போல இருந்தது. ஆச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

“உங்க கண்ணாடி நல்லா வேல செய்யுதுண்ணே. எங்க வீட்டுச் சமையல்காரவுகதேன் வேல செய்யல.”

வெளிறிய சிவப்பு

அந்தச் சந்தோஷத்தோடு நான் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் தரையைப் பார்த்துவிட்டேன். கறுப்புக்கல்லுக்கு அங்கிட்டு, வள்ளியப்பன் பாதியில் விழுந்த சிவப்பு அப்போதுதான் அரைத்த குங்குமம் மாதிரி இருந்தது. இங்கிட்டு, நான் கண்ணாடி போட்ட பாதியில் அதே சிவப்பு ஒரு நூல் வெளிறியிருந்தது. வேறு யார் கண்ணுக்கும் அது பட்டிருக்காது. என் கண்ணுக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. கடல் கடந்து வந்து இத்தனை காலம் மங்காமல் இருந்த நிறத்தை, கொஞ்சம் கரண்ட் மிச்சமாகும் என்பதற்காக நான் தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிட்டேனோ? காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு மறைத்துவிட்டேனோ? எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது என்பதற்காக அந்த வீட்டுக்கும் இது நல்லது என்று நானே முடிவு செய்துவிட்டேனோ?

மொட்டைமாடிக்குப் போய்க் குன்றக்குடி மலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். ஆச்சி மேலே வந்து என்னவென்று கேட்டார். மறைக்க மனமில்லை. சொன்னேன். வேண்டுமென்றால் கழற்றிவிடலாம், ஒரு தடம் கூட இருக்காது என்றும் சொன்னேன். அவர் என்னோடு கீழே இறங்கி வந்து இரண்டு சிவப்பையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சொன்னது உண்மைதான் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு திரும்பி என்னிடம் சொன்னார்:

“வெளிறினாலும் நம்ம தரையிலதான அண்ணே விழுகுது? அந்த யாவாரி கழட்டிக்கிட்டுப் போயிட்டா எந்த ஊரு தரையில விழும்னு நமக்குத் தெரியுமா?”

உள்ளே மாட்டிய பல்லி

இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஈரம் கோத்துவிடாமல் இருக்க, புதுச் சட்டத்தின் அடியில் சின்னச் சின்னத் துளைகள் விடுவோம். அதில் ஒன்றின் வழியாக ஒரு பல்லி உள்ளே போய், வளைவின் உச்சியில் ஒட்டிக்கொண்டு, வெளியே வர வழி தெரியாமல் கத்த ஆரம்பித்தது. சாதாரணமாகப் பல்லி கத்தினால் எந்தத் திசையில் கத்தியது என்று பார்த்துப் பலன் சொல்லிவிடுவார்கள். இது கண்ணாடிக்குள்ளிருந்து கத்துவதால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. படைப்பு நெருங்குகிற நேரம். வீட்டில் ஆளுக்கொரு பலன் சொன்னார்கள். நல்லது என்று ஒருவர், ஆகாது என்று ஒருவர்.

நாங்கள் போய்ச் சட்டத்தை இழுத்து எடுத்தோம். பல்லி சேகரின் தோளில் விழுந்து, அங்கிருந்து தாவி, கறுப்புக்கல்லைத் தாண்டி வள்ளியப்பன் பாதிக்குள் ஓடி மறைந்தது. துளைகளுக்கு வலை ஒட்டிவிட்டுச் சட்டத்தைத் திரும்பப் பொருத்தினோம். கருப்பையா அண்ணன் பல்லி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“நல்ல பல்லிதேன். யாருகிட்டப் போய்ச் சொல்லணுமோ அவுகள்ட்டச் சொல்லப் போயிருக்கு.”

படைப்புக்கு மறுநாள்

நான் போயிருக்க வேண்டியதில்லை. கண்ணாடிக்காரனுக்குப் பங்காளிகள் கூட்டத்தில் என்ன வேலை? ஆனால் ஆச்சி, “ஹால்ல ஏசிய நல்லா ஓடவிட்டுக் காட்டிருவோம்ணே, நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியம்” என்று கூப்பிட்டிருந்தார். மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் மாடி ஹாலில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரும் அவரவர் பங்குப் பக்கமாகவே உட்கார்ந்தது, யாரும் சொல்லிவைத்து நடந்தது போலத் தெரியவில்லை. வள்ளியப்பன் தன் பாதியில், ஜன்னலுக்கு நேராக, பிரம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வியாபாரி கீழே முகப்பில் காத்திருந்தார். ஆச்சி ரிமோட்டைக் கையில் எடுத்தார். அந்த நிமிஷம் கரண்ட் போய்விட்டது.

ஏசி ஓடவில்லை. மின்விசிறியும் நின்றது. ஆச்சியின் முகம் வெளுத்தது. “பாத்தீகளா, இதுக்குத்தான் சொல்றேன், இந்த வீட்ல மனுசன் இருக்க முடியாதுன்னு” என்று வள்ளியப்பன் பேச்சைத் தொடங்கினார். நான் சேகரோடு படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றபடி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் பேசப் பேச வெயில் சாய்ந்து ஜன்னலுக்குள் நேராக வந்தது. இரண்டு பாதியிலும் ஒரே வெயில், பார்க்கிறவர்கள் கண்ணுக்கு ஒரே நிறம்.

முதலில் நகர்ந்தவர் வள்ளியப்பனின் மனைவி. பேத்திக்கு வேர்க்கிறது என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கறுப்புக்கல்லைத் தாண்டி இங்கிட்டு வந்து உட்கார்ந்தார். அடுத்து வள்ளியப்பனின் தம்பி, மீனாளிடம் ஏதோ கேட்க வேண்டும் என்று வந்தார். கேட்டார். திரும்பிப் போகவில்லை. இன்னொருவர் வெற்றிலைத் தட்டை எடுக்க வந்து தட்டோடு இங்கேயே தங்கிவிட்டார். யாரும் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருந்தது. சேகர் என் விலாவில் இடித்தான். நான் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஹாலின் வடக்குப் பாதி கல்யாணப் பந்தி மாதிரி நெருங்கிவிட்டது, தெற்குப் பாதியில் ஒரே ஒரு பிரம்பு நாற்காலி. அதில் வள்ளியப்பன். நல்ல குங்குமச் சிவப்பு அவர் மடியில் விழுந்து சட்டை முழுக்கப் பரவியிருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து திருநீறு கரைந்துவிட்டது. அப்போதும் விற்க வேண்டியதன் அவசியத்தைப் பேசிக்கொண்டிருந்தார். கேட்பதற்குத்தான் அவர் பக்கத்தில் யாரும் இல்லை.

எனக்குத் திடீரென்று அவர்மேல் இரக்கம் வந்தது. பேச்சு நின்றது. அவர் எதிர்ப் பாதியைப் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்த தன் மனைவியைப் பார்த்தார். மனைவி விட்டத்தைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, கைத்தடியால் என்னை அருகில் கூப்பிட்டார். நான் கறுப்புக்கல்லைத் தாண்டி அவர் பாதிக்குள் காலை வைத்தேன். அடுப்படிக்குள் நுழைந்தது மாதிரி இருந்தது. ஹால் முழுக்கக் கேட்கும்படி அவர் சொன்னார்:

“அங்குட்டுப் போய் உக்காந்தா நான் ஒத்துக்கிட்டதா ஆயிரும். இங்குட்டே உக்காந்தா நான் வெந்து போயிருவேன். எம் பாதிக்கும் அளவு எடுய்யா.”

பணியாரம்

கீழே முகப்பில் வியாபாரிக்குக் கருப்பையா அண்ணன் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வைத்து உபசரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பலாம், வெறும் வயிற்றோடு அனுப்ப முடியாதே. ஜன்னல் விற்பனைக்குக் கிடையாது என்ற சேதியை நான்தான் இறங்கிப் போய்ச் சொன்னேன். சொல்லும்போது என் குரலில் தெரிந்த கொண்டாட்டம் எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. அவரும் தொழில் செய்கிறவர்தானே. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கடைசிப் பணியாரத்தைச் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டார்:

“அது கெடக்கட்டும் அண்ணே. எங்க வீடும் மேக்கப் பாத்ததுதேன், சாயங்காலமானா உள்ள இருக்க முடியல. ஒருநா வந்து பாக்குறீகளா?”

முழு ஜன்னலுக்கும் ஒரே வீச்சில் சம்மதம் கிடைத்தால் முன்பெல்லாம் சந்தோஷப்படுவேன், இப்போதோ பக்கத்தில் கண்ணாடி போடாத பாதி ஒன்று இல்லாமல் நம் வேலையை யார் நம்பப்போகிறார்கள் என்று கவலையாக இருக்கிறது.